பெரிய இன்ஜெக்டர் போட்ட பிறகு பெட்ரோல் பிரஷரை எதில் நிறுத்துவது? (சிட்டி 1.5 விடெக், சின்ன டர்போ)

வேலவன்_சிட்டி:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2002 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். ரோட்டில் ஓட்டுவதில்லை, செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே ஓட்ட மட்டும்தான். சின்ன டர்போ, 0.5 பார் பூஸ்ட். பழைய இன்ஜெக்டர் (என்ஜினுக்குப் பெட்ரோல் தூவும் வால்வு) பெஞ்சில், அதாவது சோதனை மேசையில், நிமிடத்துக்கு 240 சிசி காட்டியது. அதைக் கழற்றிவிட்டு 440 சிசி, ஹை இம்பீடன்ஸ் வகை போட்டிருக்கிறேன். புரோகிராம் செய்யக்கூடிய தனி இசியு (என்ஜினை இயக்கும் கணினி), பெட்ரோல் பிரஷரை மாற்றி வைக்க அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர், லாம்டா அளக்கும் வைட்பேண்ட் சென்சார் எல்லாம் இருக்கிறது. பெட்ரோல் பம்ப் மட்டும் பழையது.

பிரஷர் 3 பாரில் வைத்திருக்கிறேன். ஐட்லிங்கில் லாம்டா 0.82 (1 என்றால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவு; அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம், அதாவது ரிச்; மேலே பெட்ரோல் குறைவு, அதாவது லீன்). பின்னால் நின்றால் கண் எரிகிறது, பிளக் கரி பிடித்துவிடுகிறது. ஃபுல் லோடில் 0.79. ஐட்லிங்கில் இவ்வளவு ரிச்சாக இருந்தும், காலையில் ஸ்டார்ட் ஆக நிறைய நேரம் இழுக்கிறது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

வேலை செய்துகொடுத்த இடத்தில், "இன்ஜெக்டர் பெருசு, பிரஷரை 2 பாருக்கு இறக்கு, சரியாகிவிடும்" என்கிறார்கள். இறக்கலாமா?

ரெயில்_பிரஷர்:

இறக்காதீர்கள். காரணத்தை அப்புறம் விரிவாக எழுதுகிறேன். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: அந்த 3 பாரை எப்படி வைத்தீர்கள்? ரெகுலேட்டர் தலையில் மேனிஃபோல்டிலிருந்து (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) வரும் வேக்யூம் ஹோஸைக் கழற்றிவிட்டு வைத்தீர்களா, மாட்டியபடியே ஐட்லிங்கில் வைத்தீர்களா? மற்ற கணக்கெல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

லேத்_ராசு:

தம்பி, எல்லாரும் இறக்காதே இறக்காதே என்பார்கள். நாங்கள் பிரஷரை வைத்துத்தான் எத்தனையோ வண்டிகளை ஓடவிட்டோம். கம்பெனி இசியுவைத் திறக்க வழி இல்லாத காலம். கையில் இருந்தது ரெகுலேட்டர் ஒன்றுதான். அதன் ஸ்க்ரூவைத் திருப்பி, பிளக்கின் நிறத்தைப் பார்த்து, மறுபடி திருப்பி வைப்போம். வண்டி ஓடியது. அதனால் அந்தக் கடைக்காரர் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 3லிருந்து 2 என்பது பெரிய இறக்கம், அதை நானும் செய்ய மாட்டேன்.

ரெயில்_பிரஷர்:

ராசு அண்ணே, நீங்கள் சொல்வது நியாயம்தான். இசியு பூட்டிக்கிடந்தபோது பிரஷர்தான் ஒரே வழி. வேலவன் வண்டியில் இசியு திறந்து கிடக்கிறது. இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் ஒவ்வொரு லோடுக்கும் தனித்தனியாகச் சொல்ல முடிகிற வண்டியில், எல்லா இடத்தையும் ஒரே அளவில் இழுக்கும் ஸ்க்ரூவில் ஏன் கை வைக்க வேண்டும்?

கணக்கைப் பாருங்கள். இன்ஜெக்டர் வழியே போகும் பெட்ரோல், பிரஷர் வித்தியாசத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் மாறும். 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது சுமார் 15 சதவீதம்தான். 3லிருந்து 2க்கு இறக்கினால் 18 சதவீதம் குறையும். உங்கள் 440ஐப் பழைய 240 போல நடக்கவைக்க வேண்டுமென்றால் பிரஷர் 0.9 பாருக்கு வர வேண்டும். அந்தப் பிரஷரில் பெட்ரோல் பனியாகத் தூவாது, சொட்டும். நம் ஊர் மே மாத வெயிலில், சூடான பானெட்டுக்கு அடியில், ரெயிலிலேயே (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) ஆவிக்குமிழி கட்டும். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து பார்த்தால் தெரியும்.

இப்போது 2 பாருக்கு வருவோம். ஐட்லிங்கில் 0.82 காட்டுகிறது. 18 சதவீதம் குறைத்தால் 1.00 காட்டும். அட, கச்சிதம்! கடைக்காரரும் மகிழ்ச்சி, நீங்களும் மகிழ்ச்சி. ஆனால் அதே 18 சதவீதம் ஃபுல் லோடிலும் குறையும். 0.79 என்பது 0.97 ஆகும். 0.5 பார் பூஸ்டில், பழைய என்ஜினின் கம்ப்ரஷனோடு, 0.97 லாம்டாவில் ஒரு முழு லேப் ஓட்டினால் பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு நடுவே உள்ள பகுதி) உடையும். ஐட்லிங் அழகாக இருக்கிறதே என்று நம்பிப் போய் மேலே என்ஜினை இழந்த கதைகள் டிராக்கில் நிறைய.

ஈப்போ_வீரா:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே புரோட்டான் வீராவில் 4ஜி93 டர்போ என்ஜினை மாற்றிப்போடுவது வெகு சாதாரணம். ஒரு காலத்தில் தனி இசியு வாங்க வசதியில்லாதவர்கள் ரைசிங் ரேட் ரெகுலேட்டர் போடுவார்கள். சாதாரண ரெகுலேட்டர் 1 பி.எஸ்.ஐ பூஸ்டுக்கு 1 பி.எஸ்.ஐ பெட்ரோல் பிரஷர் ஏற்றும். அது 1க்கு 8, 1க்கு 12 என்று ஏற்றும். 12 மடங்கு வகையில் 6 பி.எஸ்.ஐ பூஸ்டுக்கு 72 ஏற வேண்டும். அடிப்படை 43 (அதாவது 3 பார்) சேர்த்தால் 115 பி.எஸ்.ஐ. பம்ப் அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், சில இன்ஜெக்டர்கள் திறக்கவே மறுக்கும். கணக்கில் வந்த பெட்ரோல் சிலிண்டருக்குள் வந்திருக்காது. நண்பர் ஒருவருடைய என்ஜின் அப்படித்தான் போனது.

பிரஷரை வைத்து மிக்ஸ்சரைச் சரிசெய்யும் வழக்கம் அந்தக் காலத்தின் மிச்சம். வேலவன் அதற்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

வேலவன்_சிட்டி:

ரெயில் அண்ணா, ஹோஸ் மாட்டியபடிதான் வைத்தேன். ஐட்லிங்கில் கேஜ் 3 காட்டியதும் லாக் நட்டை இறுக்கிவிட்டேன். இப்போது ஹோஸைக் கழற்றி, முனையை அடைத்துவிட்டுப் பார்த்தேன். 3.65 காட்டுகிறது.

ரெயில்_பிரஷர்:

அதுதான் சந்தேகப்பட்டேன். உங்கள் வண்டியின் உண்மையான அடிப்படைப் பிரஷர் 3.65 பார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், அடிக்கடி வரும் குழப்பம் இது.

இன்ஜெக்டரின் மேல்புறம் ரெயில். கீழ்ப்புறம் மேனிஃபோல்டு. பெட்ரோல் எவ்வளவு பாயும் என்பது இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கேஜ் காட்டுவது ரெயிலுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம். ஐட்லிங்கில் மேனிஃபோல்டில் 0.65 பார் அளவுக்கு வேக்யூம் இருக்கும், அது கீழிருந்து உறிஞ்சுகிறது. அதற்கு ஈடாக ரெயில் பிரஷரையும் அதே 0.65 இறக்குவதற்குத்தான் அந்த ஹோஸ். 3 பார் அடிப்படை என்றால் ஐட்லிங்கில் ஹோஸோடு கேஜ் 2.35 காட்ட வேண்டும், ஹோஸைக் கழற்றினால் 3, 0.5 பூஸ்டில் 3.5. மூன்று இடத்திலும் இன்ஜெக்டருக்குக் குறுக்கே இருப்பது அதே 3 பார்தான்.

ஐட்லிங்கில் 2.35 பார்த்துவிட்டு "பிரஷர் குறைவு" என்று ஸ்க்ரூவைத் திருப்பியவர்கள் ஏராளம்.

இன்ஜெக்டரை 440 சிசி என்று விற்பது பொதுவாக 3 பாரில் அளந்து. ஃபோர்டு வகை இன்ஜெக்டர்களை 39 பி.எஸ்.ஐயில், அதாவது 2.7 பாரில் அளந்து எழுதுவார்கள். ஆகவே எந்தப் பிரஷரில் அளந்த எண் என்று கேட்டு வாங்க வேண்டும். உங்களுடையது 3.65இல் கிட்டத்தட்ட 485 சிசி ஊற்றிக்கொண்டிருக்கிறது. இசியு 440 என்று நம்பிக்கொண்டிருக்கிறது. அங்கேயே 10 சதவீதம் போய்விட்டது.

செய்ய வேண்டியது: என்ஜின் ஐட்லிங்கில் ஓடட்டும், ஹோஸைக் கழற்றி முனையை அடையுங்கள், லாக் நட்டைத் தளர்த்தி 3.0க்குக் கொண்டுவாருங்கள், நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போதே அளவு கொஞ்சம் நகரும், மறுபடி பாருங்கள். ஹோஸை மாட்டினால் 2.35 பக்கத்தில் வர வேண்டும். என்ஜினை நிறுத்திய பிறகு பிரஷர் மெதுவாக இறங்க வேண்டும். மடமடவென்று விழுந்தால் இன்ஜெக்டரோ ரெகுலேட்டரோ பம்ப் வால்வோ கசிகிறது.

முக்கியம்: இதற்குப் பிறகு, மறுபடி டியூன் செய்யும்வரை பூஸ்டில் ஓட்டவே கூடாது. உங்கள் டேபிள் (எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்று இசியுவில் உள்ள அட்டவணை) முழுவதும் 3.65இல் டியூன் செய்தது. 3க்கு இறக்கியதும் ஃபுல் லோடு 0.79இலிருந்து 0.87க்கு நகர்ந்திருக்கும். டேபிள் முழுவதையும் 1.10ஆல் பெருக்கிவிட்டு, மறுபடி கீழிருந்து மேலே டியூன் செய்து வாருங்கள்.

லேத்_ராசு:

கேஜைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே கிளிசரின் நிரப்பிய கேஜை என்ஜின் பக்கத்திலேயே நிரந்தரமாக மாட்டியிருந்தால், சூடேறியதும் உள்ளே அழுத்தம் கூடிக் குறைத்துக் காட்டும். குளிர்ந்தபோது ஒன்று, சூடானபோது ஒன்று. மேலே ரப்பர் மூடி இருந்தால் ஒரு நொடி தூக்கிவிட்டு விட்டால் சரியாகக் காட்டும். அட்ஜஸ்ட் செய்யும்போது நல்ல உலர் கேஜ் வைத்துப் பார்ப்பதே மேல்.

லைனைத் திறக்கும் முன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினை ஓடவிட்டு நிற்க விடவும். அந்தக் கால ஹோண்டாக்களில் ஃபில்டர் மேலே பான்ஜோ போல்ட், அதன் தலையில் ஒரு சின்னச் சர்வீஸ் போல்ட் இருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு அதை மெதுவாகத் தளர்த்தினால் மிச்சப் பிரஷர் துணியில் இறங்கிவிடும். என்ஜின் சூடாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம். தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கருப்பட்டி:

நடுவில் ஒரு சந்தேகம். என் வண்டி புதுசு. ரெயிலில் ரெகுலேட்டரே இல்லை, திரும்பிப் போகும் லைனும் இல்லை, ஹோஸும் இல்லை. நான் எதைக் கழற்றுவது?

ரெயில்_பிரஷர்:

உங்கள் ரெகுலேட்டர் டேங்குக்குள் பம்போடு இருக்கிறது. ரெயில் பிரஷர் எப்போதும் ஒரே அளவில் நிற்கும், மேனிஃபோல்டுக்கு ஏற்ப மாறாது. அந்த வித்தியாசத்தை இசியு கணக்குப் போட்டுத் திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும். கம்பெனி இசியு அதைச் சரியாகச் செய்யும். பூஸ்ட் சேர்த்தால் இன்ஜெக்டருக்குக் குறுக்கே உள்ள பிரஷர் குறைந்துகொண்டே போகும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். டைரக்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குள்ளேயே நேராகத் தூவுவது) என்றால் இந்த இழையில் உள்ள எதுவும் பொருந்தாது, அது நூற்றுக்கணக்கான பார் உலகம்.

மதுரை_டர்போ:

பெட்ரோலையே யாரும் பேசவில்லை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது பெரும்பாலும் இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பெட்ரோலுக்கு 14.7 என்று நாம் மனப்பாடம் செய்த காற்று-பெட்ரோல் விகிதம் இதற்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு எட்டு ஒன்பது சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். போன வருஷம் வேறு பெட்ரோலில் டியூன் செய்த டேபிளோடு இ20 நிரப்பினால் வண்டி லீன் ஆகும். அதைப் பார்த்து "பிரஷர் இறங்கிவிட்டது" என்று ரெகுலேட்டரைத் திருப்பினவர்களை எனக்குத் தெரியும்.

வேலவன் லாம்டாவில் எழுதியது நல்லது. கேஜில் 14.7 என்று தெரிந்தாலும் அது லாம்டா 1ஐத்தான் பெருக்கிக் காட்டுகிறது. இன்னொன்று, 2002 வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் எத்தனாலுக்கென்று செய்தவை இல்லை. எத்தனாலும் இன்ஜெக்ஷன் பிரஷரும் தாங்கும் ஹோஸாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வெடித்த ஹோஸை டேப் சுற்றி ஓட்டாதீர்கள்.

ஈப்போ_வீரா:

440 போதுமா என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். டர்போ என்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சிசி என்று வையுங்கள். 180 குதிரை இலக்கு என்றால் 1134 சிசி. நாலு இன்ஜெக்டர், டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, ஆக ஒன்றுக்கு 334 சிசி. இ20க்குப் பத்து சதவீதம் சேர்த்தாலும் 440க்குள் அடங்கும். 550, 750 என்று போனால் ஐட்லிங்கில்தான் அவதி.

வேலவன்_சிட்டி:

3.0க்கு வைத்துவிட்டேன். ஹோஸ் மாட்டினால் 2.35, நிறுத்தினால் பிரஷர் நன்றாகப் பிடிக்கிறது. பூஸ்ட் பக்கம் போகவில்லை, டேபிளையும் இன்னும் தொடவில்லை. ஐட்லிங்கில் 0.82இலிருந்து 0.90க்கு வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஒரு விஷயம் கவனித்தேன்: ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கியதும் லாம்டா 0.99க்குத் தாவுகிறது, ஃபேன் நின்றால் மறுபடி 0.90. காலை ஸ்டார்ட்டிங் அதேபோல் இழுக்கிறது. ஐட்லிங் இருக்கும் கட்டங்களை மட்டும் டேபிளில் குறைத்துவிடலாமா?

ரெயில்_பிரஷர்:

ஃபேன் விஷயத்தைக் கவனித்தீர்களே, நல்ல வேலை செய்தீர்கள். உங்கள் கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. டேபிளைக் குறைக்க வேண்டாம். இசியுவில் இன்ஜெக்டர் டெட் டைம் என்ன போட்டிருக்கிறீர்கள்?

வேலவன்_சிட்டி:

1.0 மில்லிசெகண்ட். எல்லா வோல்டேஜுக்கும் அதே எண்தான். சாஃப்ட்வேரில் முதலிலேயே இருந்தது.

ரெயில்_பிரஷர்:

சரி. கரண்ட் கொடுத்த உடனே இன்ஜெக்டர் திறந்துவிடாது. காயிலில் கரண்ட் ஏறி, ஊசி ஸ்பிரிங்கையும் பெட்ரோல் பிரஷரையும் எதிர்த்து மேலே எழ நேரம் பிடிக்கும். அதுதான் டெட் டைம். இசியு தேவையான நேரத்தோடு இதையும் கூட்டித் திறக்கும். வோல்டேஜ் குறைந்தால் டெட் டைம் கூடும். பிரஷர் மாறினாலும் மாறும். பிரஷரைத் தொடாதே என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் இது. இன்ஜெக்டரோடு வரும் டெட் டைம் பட்டியல் ஒரு குறிப்பிட்ட பிரஷரில் அளந்தது. பிரஷரை மாற்றினால் அந்தப் பட்டியலும் பயன்படாது.

இப்போது உங்கள் ஐட்லிங்கைப் பாருங்கள். 440 சிசி இன்ஜெக்டர் உண்மையில் பெட்ரோல் ஊற்ற வேண்டிய நேரம் சுமார் 1.0 மில்லிசெகண்ட்தான். டெட் டைம் நிஜத்தில் 0.9 என்று வையுங்கள். இசியு 1.0 சேர்க்கிறது. 0.1 அதிகம். 1.0க்கு 0.1 என்றால் 10 சதவீதம் ரிச். அதுதான் உங்கள் 0.90. இதே 0.1 பிழை ஃபுல் லோடில் 12 மில்லிசெகண்டில் ஒரு சதவீதம்கூட இல்லை. பெரிய இன்ஜெக்டர் போட்டவர்கள் எல்லாரும் ஐட்லிங்கில் மட்டும் திண்டாடுவதற்கு இதுதான் காரணம். சின்ன இன்ஜெக்டரில் இந்தப் பிழை அவ்வளவாகத் தெரியாது.

ஃபேன் ஓடியதும் வோல்டேஜ் 13.9இலிருந்து 12.9க்கு இறங்கியிருக்கும். நிஜ டெட் டைம் 1.0 ஆகிவிட்டது. இசியுவும் 1.0 சேர்க்கிறது. தற்செயலாகச் சரியாகிவிட்டது! காலை ஸ்டார்ட்டரைத் திருப்பும்போது பேட்டரி 10 வோல்ட் பக்கம் போகும். அங்கே நிஜ டெட் டைம் ஒன்றரை மில்லிசெகண்டைத் தொடலாம், இசியு இன்னும் 1.0தான் சேர்க்கிறது. என்ஜினுக்குப் பெட்ரோலே போதவில்லை. ஐட்லிங்கில் ரிச், ஸ்டார்ட்டிங்கில் லீன். நீங்கள் புரியவில்லை என்று எழுதியது இதுதான்.

இன்ஜெக்டர் விற்றவரிடம் 3 பாரில் வோல்டேஜ் வாரியான டெட் டைம் பட்டியல் கேளுங்கள். இல்லை என்றால் பெஞ்சில் கொடுத்து அளந்து வாங்குங்கள். போலிகள் நிறையச் சுற்றுகின்றன, நாலும் ஒரே அளவு ஊற்றுகின்றனவா என்று அங்கேயே தெரிந்துவிடும். போட்ட எண் சரியா என்று பார்க்க ஒரு வழி: 2500 ஆர்பிஎம்மில் நிலையாக வைத்து, ஒரு சுழற்சிக்கு ஒரு முறை ஊற்றுவதை இரண்டு முறையாகப் பிரித்துப் பாருங்கள். டெட் டைம் சரியென்றால் லாம்டா நகராது. ரிச் பக்கம் போனால் டெட் டைமைக் கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள், லீன் பக்கம் போனால் குறைவாக.

கட்டங்களை மட்டும் குறைத்திருந்தால் ஃபேன் ஓடாதபோது 1.00 வந்திருக்கும். ஃபேன் ஓடியதும் 1.10க்குப் போய் என்ஜின் நடுங்கி நின்றிருக்கும்.

லேத்_ராசு:

இந்த விளக்கம் எனக்கே புதுசு. 12 வோல்டுக்குக் கீழே ஐட்லிங் ஏன் மாறுகிறது என்று ஆல்டர்னேட்டரை மாற்றிப் பார்த்த வண்டிகள் ஞாபகம் வருகிறது.

ஆனால் தம்பி, பம்ப் பழையது என்று முதலிலேயே எழுதினாய், யாரும் அதைத் தொடவில்லை. ஐட்லிங்கில் 3 பார் நிற்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது, அங்கே பம்ப் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. மேலே 6000 ஆர்பிஎம்மில் பூஸ்டோடு 3.5 நிற்கிறதா? அதைப் பார்க்காமல் டிராக்குக்குப் போகாதே. பம்ப் கனெக்டரில் மீட்டர் வைத்து வோல்ட்டும் பார். பழைய வயரில் ஒன்றரை இரண்டு வோல்ட் காணாமல் போகும்.

மதுரை_டர்போ:

பம்பை மாற்றுவதானால் இதையும் கவனியுங்கள்: மணிக்கு 255 லிட்டர் வகைப் பம்பைப் போட்டுவிட்டு, பழைய சின்ன ரெகுலேட்டரையும் குறுகலான ரிட்டர்ன் லைனையும் அப்படியே விட்டால், ஐட்லிங்கில் பெட்ரோல் திரும்பிப் போக வழி போதாது. ஸ்க்ரூவை எவ்வளவு தளர்த்தினாலும் பிரஷர் 3க்கு இறங்காது. ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

வேலவன்_சிட்டி:

பெஞ்சில் அளந்த எண்கள் கிடைத்துவிட்டன. 14 வோல்டில் 0.88, 12இல் 1.13, 10இல் 1.52. போட்டதும் ஐட்லிங் 0.99க்கும் 1.01க்கும் நடுவில் நிற்கிறது. ஃபேன் ஓடினாலும் நகரவில்லை. காலையில் தொட்டவுடன் ஸ்டார்ட். டேபிளை 1.10ஆல் பெருக்கி ஐட்லிங் பக்கத்தை மட்டும் திருத்திக்கொண்டேன்.

ரெயிலில் பிரஷர் சென்சார் ஒன்று போட்டு இசியுவிலேயே லாக் செய்தேன். ரெயில் பிரஷரிலிருந்து மேனிஃபோல்டு பிரஷரைக் கழித்துக் கோடு வரைந்தால், 5000 வரை 3.0இல் நேராக வருகிறது. 5800க்கு மேல் சரிந்து 2.6. பார்த்த உடனே காலை எடுத்துவிட்டேன். பம்ப் கனெக்டரில் அப்போது 11.4 வோல்ட்.

ரெயில்_பிரஷர்:

3.0இலிருந்து 2.6 என்றால் 7 சதவீதம் பெட்ரோல் குறைவு, அதுவும் மிக மோசமான இடத்தில். இதை டேபிளில் 7 சதவீதம் கூட்டிச் சமாளிக்க நினைக்காதீர்கள். வெயில் நாளில், டேங்க் பாதி காலியானபோது, அது 2.6இல் நிற்காது. ராசு அண்ணன் சொன்ன வயரை முதலில் பாருங்கள். அதற்குப் பிறகும் சரிந்தால் பம்ப்.

லேத்_ராசு:

பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர், நடுவில் ஃபியூஸ், ஒரு ரிலே. பழைய பம்ப் வயரை ரிலேயை இயக்க மட்டும் பயன்படுத்து. அப்படிச் செய்தால் இசியு பம்பை நிறுத்தும்போது பம்ப் நிற்கும், விபத்தில் அது முக்கியம். எர்த் வயரையும் புதிதாக இழு, அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

வேலவன்_சிட்டி:

ரிலேயும் எர்த்தும் போட்டாயிற்று. கனெக்டரில் 13.3 வோல்ட். 6500 வரை வித்தியாசம் 2.95க்குக் கீழே போகவில்லை. ஃபுல் லோடு லாம்டா 0.79க்குத் திரும்ப டியூன் செய்தாகிவிட்டது, உச்ச டியூட்டி 71 சதவீதம். டேங்கிலிருந்து ரெயில் வரை ஹோஸ்களையும் மாற்றிவிட்டேன். பம்ப் இந்த சீசனுக்கு இதுவே இருக்கட்டும், ஆனால் வித்தியாசம் 2.8க்குக் கீழே போனால் இசியுவே பூஸ்டை வெட்டும்படி வைத்திருக்கிறேன்.

ரெயில்_பிரஷர்:

2.8 சரியான இடம். வெட்டும் முன் 0.2 விநாடி தாமதம் கொடுங்கள், இல்லையென்றால் வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் வெட்டும். டேங்கைக் கால் பங்குக்குக் கீழே விடாமல் ஓட்டுங்கள்.